கேட்டால் விரலைத் தூக்குங்கள்

வாரத்தில் பதினெட்டு நிமிடம் நான் ஒருவருக்கு மனைவியாக இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவாக்கில் போன் போட்டு, "என்னங்க, சாப்பிட்டீங்களா" என்பேன். "இப்பதான் டூட்டி முடிஞ்சு உள்ள நுழையுதேன், அதுக்குள்ள என்னட்டி" என்பார். அப்புறம் சண்டை. குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் வரவில்லை, நீங்கள் ஊரில் இருந்தால் நான் ஏன் இப்படி அலைய வேண்டும் என்று ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. குழாய் நிஜமாகவே ஒழுகியது. மற்றதெல்லாம் பொய்.

அவர் பெயர் ஜெயசீலன். தூத்துக்குடிக்காரர், வயது நாற்பத்தாறு, ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எந்த நாட்டுத் துறைமுகம் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் விதி. எங்களுக்குள்ளேயே 'அங்கே' என்றுதான் சொல்லிக்கொள்வோம். அங்கே அவர் ஆர்னெல் என்ற பிலிப்பைன்ஸ்காரரோடு ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தார். ஆர்னெல் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. வெளியே கேட்டால் வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிற இரண்டு ஆண்கள். உள்ளே அவர்கள் யார் என்பது தெரிந்தால் அங்கே சிறை, அதற்கு மேலும் உண்டு.

நான் வினோதினி, ஐம்பத்தொரு வயது. கோயம்புத்தூரில் ஒரு காது பரிசோதனை மையத்தில் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் திருகுவேன். ஒரு நாளைக்கு இருபது பேர் என்னைப் பார்த்து விரலைத் தூக்குவார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் என்னைப் பார்க்க ஒரு பூனைகூடக் கிடையாது. பூனை வளர்க்கலாம் என்று நினைத்ததுண்டு. அது என்னைவிட முந்திப் போய்விட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

குழுவின் பெயர் நிழற்குடை. சிங்காநல்லூரில் டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். இங்கே ஊருக்குள் வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு இடம் பார்ப்பது, போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போவது எல்லாம் உண்டு. நம் நாட்டில் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பெண்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொள்ளலாம். மாலை மாற்றிவிட்டு எங்கே குடியிருப்பது என்பதற்குத்தான் நிழற்குடை.

என்னை அங்கே முதல் நாள் உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் தமயந்தி. திருநங்கை, முப்பத்து நாலு வயது, முன்பு கால் சென்டரில் டீம் லீடராக இருந்தவள். அதனால் அவள் கேட்கிற சாதாரணக் கேள்விகூட மிரட்டுவது மாதிரி இருக்கும்.

"போலீஸ் வந்து கதவைத் தட்டுறதெல்லாம் பழைய காலம் அக்கா," என்றாள். "அங்க இப்ப ஒரு மெஷின் வச்சிருக்காங்க. யாரு யாருக்கு போன் பண்றாங்க, எத்தன நாளைக்கு ஒரு தடவ, எவ்ளோ நேரம், எங்க குரல் ஏறுது, எங்க மூச்சு விடறாங்க, இது மட்டும்தான் பாக்கும். என்ன பேசறீங்கங்கறது அதுக்குத் தேவையே இல்ல. ஊர்ல நெசமாவே பொண்டாட்டி புள்ளைங்க இருக்கறவன் போன்ல பேசற தினுசு வேற, யாரும் இல்லாதவன் தினுசு வேற. அதுக்கு ஒரு மார்க் போடுது. அங்க உள்ள வேலை பாக்கற ஒருத்தர் அத நமக்கு அனுப்பிடுவாரு. கல்யாணம் ஆகாம, ஊர்த் தொடர்பு இல்லாம, இன்னொரு ஆம்பளையோட ஒரே வீட்ல இருந்தா மார்க் சரசரன்னு இறங்கும்."

"எவ்வளவு வரைக்கும் இறங்கலாம்?"

"நாப்பது. அதுக்குக் கீழ போனா விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டவங்ககிட்டருந்து அப்புறம் நமக்கு போன் வந்ததில்ல."

அதனால்தான் தன்னார்வலர்கள். அங்கே இருப்பவர்களுக்கு இங்கே இருந்து மனைவியாக, அம்மாவாக, கட்டிக்கப்போகிற பையனாகப் பேசுவது. கேட்பதற்குச் சுலபம். ஆனால் நாங்கள் முதலில் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தோம்.

நிழற்குடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பழைய உதவி எண்களில் வேலை பார்த்தவர்கள். குறுக்கே பேசாதே, முழுக்கக் கேள், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாதே என்று பயிற்சி பெற்றவர்கள். எபனேசர் சார் என்று ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அங்கே மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அப்பாவாகப் பேசினார். நாற்பத்தோரு ஞாயிறு, காலை எட்டு மணிக்கு, ஒரு தடவைகூடத் தவறாமல், ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல், பொறுமையாக. அப்படி ஒரு அப்பா உலகத்தில் இருக்க முடியாது என்று மெஷின் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எபனேசர் சார் அதற்குப் பிறகு ஹாலுக்கு வரவில்லை. அவர் வீட்டு வாசலில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நின்றுகொண்டிருப்பார் என்று சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து தமயந்தியின் பயிற்சி மாறிவிட்டது. கொட்டாவி விடச் சொல்லிக்கொடுத்தாள். பாதியில் "இரு, பால் பொங்குது" என்று போனை வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். நேரம் தவற, வாரம் தவறக் கற்றுக்கொடுத்தாள். எந்த வாரம் தவறுவது என்பதைக் கம்ப்யூட்டரிடம் விட்டால் இன்னொரு கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும் என்று, ஒவ்வொரு ஞாயிறும் ஹாலில் பாய் விரித்துத் தாயக்கட்டை உருட்டுவோம். உங்கள் ஆளுக்குத் தாயம் விழுந்தால் அந்த வாரம் போன் கிடையாது. அங்கே இருப்பவருக்கு முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. அவர் நிஜமாகவே காத்திருந்து நிஜமாகவே ஏமாற வேண்டும். விளையாட்டில் தாயம் விழுந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். எங்கள் ஹாலில் விழுந்தால் ஒருவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

ஜெயசீலனோடு இரண்டு வருஷம் பேசினேன். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். நான் பதறிப்போய் நாலு தடவை "மாத்திரை போட்டீங்களா" என்று மெதுவாகக் கேட்டேன். அடுத்த நாள் மார்க் இரண்டு குறைந்திருந்தது. "கல்யாணமாகி இருவது வருஷம் ஆன பொண்டாட்டி அக்கா நீங்க," என்றாள் தமயந்தி. "முதல்ல திட்டுங்க, அப்புறம் மாத்திரை." அடுத்த வாரம் திட்டினேன். மார்க் ஏறியது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைத் திருப்பித் திட்டினார். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கிறதா வேண்டாமா என்று ஒன்பது நிமிடம் சண்டை போட்டோம். அந்த வாரம் முழுக்க எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

நாங்கள் பேசும்போது ஆர்னெல் வீட்டில் இருக்கக் கூடாது. பாத்திரச் சத்தம் கேட்டால், இன்னொரு மூச்சு கேட்டால் மெஷின் சேர்த்து எழுதிக்கொள்ளும். அதனால் அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"கோவப்படுதாரா?" என்று ஒருமுறை அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"கோவம் என்ன கோவம். வாரத்துக்கு ஒரு நாள் அவன் வீட்டுக்கு அவனே வெளியாளு," என்றார் ஜெயசீலன். "போன வாரம் நீ கூப்பிடல பாத்தியா, ஒரு மணிநேரம் படியிலயே இருந்துட்டான். வருமோ வருமோன்னு நானும் உள்ள கூப்பிடல."

தாயம் விழுந்த வாரம் அது. சொல்ல முடியுமா? "பிளம்பரோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்," என்றேன். படியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆனால் அவரிடமிருந்து எதையோ பிடுங்குகிறேன் என்று தோன்றும்.

இரண்டாம் வருஷக் கடைசியில் நல்ல செய்தி வந்தது. வேறொரு நாடு இரண்டு பேரையும் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. அந்த நாட்டில் இருந்த தன்னார்வலர்கள் மூன்று வருஷமாக அலைந்து வாங்கிய அனுமதி. பேப்பர் கைக்கு வரப் பதினாலு வாரம். அதுவரை மார்க் நாற்பதுக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். அப்போது ஐம்பத்திரண்டில் இருந்தது. அடுத்த ஞாயிறு நாற்பத்து மூன்று.

தமயந்தி என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"மெஷினைப் புதுசு பண்ணிட்டாங்க அக்கா. இப்ப பொண்டாட்டி போன் பண்றாளான்னு மட்டும் பாக்கறதில்ல. அந்தப் பொண்டாட்டிக்கு யாரு போன் பண்றாங்கன்னும் பாக்குது."

"அதெல்லாம் இந்தியாவுல இருக்கிற கணக்கு. அவங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?"

"விக்கறதுக்கு ஆள் இருந்தா எல்லாம் கிடைக்கும்." போனை எடுத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "போன மாசம் உங்களுக்கு வந்த போன் மொத்தம் எட்டு. அஞ்சு விளம்பரம். ரெண்டு உங்க ஆபீஸ். ஒண்ணு ராங் நம்பர். அதுல பதினோரு நிமிஷம் பேசியிருக்கீங்க."

ஆமாம். திருப்பூரில் ஒரு அம்மா, மருமகளுக்கு என்று நினைத்து என்னிடம் பேசினார். நான் வைக்கவில்லை.

"இப்படி யாருமே இல்லாத பொண்டாட்டி இருக்க மாட்டான்னு மெஷின் நினைக்குது அக்கா."

"இருக்கேனே," என்றேன்.

கீழே கடை வாசலில் கிடந்த டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தனிமை என்னோடு போகிற விஷயம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது கம்பி வழியாகப் போய் ஜெயசீலனைக் காட்டிக்கொடுக்கும் என்று யார் கண்டது? மனைவியை மாற்ற முடியாது. நிழற்குடை ஆட்கள் எனக்குப் போன் பண்ணலாம் என்றால், அவர்களும் பெரும்பாலும் என்னைப் போலத்தான். இல்லாததை இல்லாததோடு கூட்டினால் என்ன வரும்.

"கூடப்பிறந்தவங்க யாராச்சும்?" என்று கேட்டாள் தமயந்தி. "பழைய ரேஷன் கார்டுல ஒண்ணா பேரு இருந்தாப் போதும். அந்த மாதிரி ஒரு போன் பத்து போனுக்குச் சமம்."

"ஒரு அண்ணன். பேசி இருவத்து நாலு வருஷம் ஆச்சு. திடீர்னு பேசினா சந்தேகப்படாதா?"

"குடும்பத்துல சண்டை தீர்றது மெஷினுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் அக்கா. அதுக்குப் புடிச்ச விஷயமே அதுதான்."

சண்டை என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இருபத்தேழு வயதில் மூன்றாவது மாப்பிள்ளையையும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள், காரணத்தின் பெயர் கஸ்தூரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்து கஸ்தூரியோடு குடியேறினேன். பதினைந்து வருஷம் இருந்தோம். ஒரு நாள் அவள் "எனக்கு முடியல வினு" என்றாள். அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தாராபுரம் போனவள் திரும்பவில்லை. நாற்பத்து மூன்று வயதில், மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. ஓடி ஓடிக் களைத்துப்போனவள் உட்கார இடம் தேடினாள். ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் இரண்டாவது டம்ளர் அலமாரியைவிட்டு இறங்கவில்லை. அப்பா இறந்த செய்தி எனக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது.

அண்ணன் பூபதி இருந்தது சோமனூரில். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணிநேரம். அந்த ஒரு மணிநேரத்துக்குத்தான் எனக்கு இருபத்து நாலு வருஷம் பிடித்தது. பதினெட்டு வயதிலிருந்து தறி ஓட்டுகிறார். இப்போது சொந்தமாக எட்டுத் தறி. நான் போனபோது பகல் பதினொரு மணி. தறிக்குடோன் வாசலில் நின்று கூப்பிட்டால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் போய் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். எட்டாவது தறி நின்ற பிறகு ஏற்பட்ட அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

"வா," என்றார். முடியெல்லாம் நரைத்திருந்தது.

"ண்ணா, எனக்கு ஒரு உதவி வேணுங்."

அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று புரிந்தது. அந்தப் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னேன்.

"வாரத்துக்கு ஒருக்கா எனக்குப் போன் பண்ணோணுங்ணா. மூணு மாசத்துக்கு. எதுக்குன்னு கேக்காதீங்க."

"உசுருக்கு ஏதாச்சுமா?"

"என்ற உசுரு இல்லீங்ணா. வேற ரெண்டு பேருது."

"பேசறக்கு என்ன இருக்குது நமக்கு," என்றார். முகம் இன்னும் அந்தப் பக்கம்தான்.

"பேச வேண்டாங்ணா. போனை வெக்காம இருந்தாப் போதும்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். என் நம்பரை நானே பதிந்து கொடுத்தேன். "சோறு உண்டுட்டுப் போ," என்றார். அண்ணி வீட்டில் இருப்பார் என்று பயந்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

முதல் புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குப் போன் வந்தது. தறியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு வேளையில் பேசுகிறார். நான் மையத்தில் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "நாந்தான்," என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் நான்தான் பேசினேன். பஸ் கூட்டம், என் வேலை, குழாய். அவர் அவ்வப்போது "ம்" என்றார். ஒரு இடத்தில் "மழையா அங்க?" என்றார். நான் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நாப்பத்தஞ்சு அக்கா. இவ்வளவு நீளமா பேசாம இருக்கறது அசல் அண்ணனாலதான் முடியும். மெஷினுக்கு ஒரே சந்தோஷம்."

அண்ணனுக்குத் தாயம் உருட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. மூன்றாம் வாரம் அவராகவே மறந்துவிட்டார். நாலாம் வாரம் வியாழக்கிழமை கூப்பிட்டார். மார்க் நாற்பத்தெட்டுக்கு ஏறியது.

யாராவது எதிரே சும்மா இருந்தால் மனுஷிக்கு வாய் திறந்துகொள்கிறது. ஐந்தாம் வாரத்தில் அப்பாவைப் பற்றிப் பேசினேன். ஏழாம் வாரத்தில், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, "ண்ணா, கஸ்தூரின்னு ஒருத்தி என்னோட இருந்தாளுங். வெறும் சிநேகிதி இல்லீங்ணா அவ. எனக்கு அவதான் எல்லாமுமா இருந்தா," என்று சொல்லிவிட்டேன். சத்தத்தை உறிஞ்சுகிற அறை என்பதால் என் குரல் எங்கேயும் மோதாமல் செத்துச் செத்து விழுந்தது. அவள் போனது, இரண்டாவது டம்ளர், ராங் நம்பர் அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது. அடக்காமல் அழுதேன்.

நான் அழுது ஓயும்வரை அவர் போனை வைக்கவில்லை. அப்புறம், "தண்ணி வாரத்துக்கு எத்தன நா வருது அங்க?" என்றார்.

"ரெண்டு நாளுங்," என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறவரிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனாலும் அடுத்த புதன்கிழமை கூப்பிட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டும் கூப்பிடுகிறாரே என்று, பட்டினி கிடந்தவளுக்குக் கஞ்சி கிடைத்த மாதிரி அதையே பிடித்துக்கொண்டேன்.

பதினாலாம் வாரம் வெள்ளிக்கிழமை ஜெயசீலனுக்குக் கடைசிப் போன். கடைசி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குரலில் தெரியக் கூடாது. குழாயைப் பற்றிச் சண்டை போட்டோம். பதினேழாவது நிமிடத்தில் அவர், "சரிட்டி, உடம்பப் பாத்துக்க," என்றார். அப்படி அவர் சொன்னதே இல்லை. பிறகு ஒரு கதவு திறக்கிற சத்தம். படியிலிருந்து யாரோ உள்ளே வருகிற சத்தம். புதிதாக ஒரு குரல், ஒவ்வொரு எழுத்தாக மனப்பாடம் பண்ணிய தமிழில், "அக்கா, சாப்டாச்சா?" என்றது.

விதிப்படி நான் உடனே வைத்திருக்க வேண்டும். "ஆச்சு தம்பி," என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தமயந்தியின் பட்டியலில் அவர்கள் எண்ணுக்கு நேரே பச்சைக் குறி விழுந்தது. அவர்களை ஏற்றுக்கொண்ட நாட்டுத் தன்னார்வலர் ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார்: இறங்கிவிட்டார்கள். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு எங்கள் தொடர்பு முடிந்தது. எந்த ஊர், என்ன வேலை, மீன் குழம்புக்குத் தேங்காய் கிடைக்கிறதா, எதுவும் நான் கேட்கக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பிளம்பர் வந்து குழாயைச் சரி பண்ணிவிட்டுப் போனார். அவர் போன பிறகு வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் பதினெட்டு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனிடமும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் என்று கேட்டேன், மூன்று மாதம் கொடுத்துவிட்டார். புதன்கிழமை கூப்பிட்டபோது, "வேலை முடிஞ்சுதுங்ணா. ரெண்டு பேரும் பொழைச்சுட்டாங். இனிமே நீங்க போன் பண்ண வேண்டாம். ரொம்ப நன்றிங்," என்றேன்.

"ம்," என்றார். "வெயில் சாஸ்தி இங்க." வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை ஒரு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன் பெயர். ஒரு பெரியவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்திருந்தேன். அவரை அப்படியே வெளியே அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் கூப்பிடுகிறார். எதற்கும் இல்லை, எனக்காக.

"வேண்டாம்னு சொன்னேனுங்களேண்ணா," என்றேன். குரல் குழைந்துவிட்டது.

"ஏ?"

"போன வாரமே வேண்டாம்னு சொன்னேனுங்களே."

"ஏ? கேக்கல, சத்தமாச் சொல்லு."

அந்த "ஏ?" எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற "ஏ?" அது. எட்டுத் தறி, நாற்பது வருஷம். காது பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், என் அண்ணன் குடோனில் நின்று என் குரலே எனக்குக் கேட்காதபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்ற எண்ணம் என் காதை அடைத்திருந்தது.

"ண்ணா," என்று கத்தினேன், "போனை எந்தக் காதுல வெச்சிருக்கீங்க?"

"சோத்தாங்கைப் பக்கம்தான். நொட்டாங்கைப் பக்கம் போயி பத்து வருசமாச்சு. இதும் அரைகொறைதான்."

அன்று குடோனில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தேனே. வலது காதை என் பக்கம் காட்டியிருக்கிறார்.

"அப்ப இத்தன நாளா நான் சொன்னது?"

"பாதி கேட்டுச்சு, பாதி கேக்கல. நீ பேசிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது, சரின்னு இருந்துட்டேன். ஒருக்கா அழுத மாதிரி இருந்துச்சு. என்னன்னு கேட்டா இன்னும் அழுவியோன்னு விட்டுட்டேன்."

"கஸ்தூரின்னு சொன்னது?"

"ஆரு?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். வெளியே அந்தப் பெரியவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த புதன் இங்க வாங்ணா," என்று கத்தினேன். "காது பாத்துரலாம்."

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு பையோடு. தன் தறியில் ஓட்டிய துணியில் எனக்கு நாலு தலையணை உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார். என் வீட்டில் ஒரு தலையணைதான் இருக்கிறது என்று சொல்லவில்லை. கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தலையைத் தொட்டேன்.

"கேட்டா விரலைத் தூக்குங்ணா. கேக்கலன்னா சும்மா இருங்க," என்று அவர் வலது காதருகில் குனிந்து சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையாட்டினார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பீப் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கீச்சென்ற ஒலிகள் எதற்கும் விரல் எழவில்லை. தாளில் கோடு சரிந்துகொண்டே போனது. அடுத்தது பேச்சுப் பரிசோதனை. மைக்கில் நான் சில வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். மேசை, குடை, மாம்பழம் என்று ஒரு பட்டியல் எதிரே ஒட்டியிருக்கும்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்படியென்றால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாம்பழம் என்று சொல்லிவிட்டு, நல்ல ஒரு மெஷினைக் காதில் மாட்டி அனுப்பினால் புதன்கிழமை தோறும் போன் வரும். தண்ணீரைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டே எனக்கு வயதாகிவிடும். ஒரு அண்ணன் இருப்பார். எனக்கு அது வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. உண்மையைக் கேட்டுவிட்டு அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டால் அந்த எட்டுப் போன்களோடு மறுபடியும் நான்தான். ஆனால் அப்படி ஒரு அண்ணனை வைத்துக்கொண்டு வாரா வாரம் நானே போய் உட்கார வேண்டிய இடம் எது என்றும் எனக்குத் தெரிந்தது. ஆர்னெல் ஒன்பது வருஷம் வாழ்ந்த வீட்டின் மாடிப்படி.

ஒலித் திருகைப் பிடித்து எண்பது டெசிபலுக்கு ஏற்றினேன்.

"ண்ணா, கஸ்தூரியும் நானும் பதினஞ்சு வருஷம் ஒண்ணா வாழ்ந்தோம்," என்று மைக்கில் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி எப்படி வாழ்வாங்களோ அப்படி. அதனாலதான் நான் வீட்டவிட்டு வந்தேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதும் போதவில்லையோ என்று திருகில் கை வைத்தேன்.

அப்போது அண்ணன் மெதுவாக வலது கையின் ஒரு விரலைத் தூக்கினார். அடுத்ததைச் சொல்வதற்கு, அவர் அதை இறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் இறக்கவில்லை.